சேற்றில் சுழலும் சக்கரம்

மழைக்காலத்தில் சேற்றில் அகப்பட்டுக்கொண்ட மோட்டார் வண்டியை நீங்கள் கண்டிருப்பீர்கள். ஓட்டுநர் விசையை மிதிக்க மிதிக்க, சேற்றிலுள்ள சக்கரம் சீறிச் சுழன்று சேற்றை வாரி இறைக்கும். உறுதியான தரைமீது நிற்கும் மறுபக்கத்துச் சக்கரமோ, தனக்கும் இவ்வேலைக்கும் தொடர்பே இல்லாததுபோல் அசையாது நிற்கும். பிடிப்புள்ள சக்கரம் சும்மா இருக்க, பிடிப்பற்ற சக்கரம் வீணே உழைப்பது ஏன்? இதற்கு மாற்று உண்டா? உண்டெனின், அம்மாற்றுக்கு நாம் கொடுக்கவேண்டிய விலை யாது? இம்மூன்று வினாக்களுக்கும் விடை காண்பதே இன்றைய பேச்சின் நோக்கம்.

முதலில் மாட்டுவண்டியை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் இருசு சுழல்வதில்லை. இரு சக்கரங்களும் இருசின் முனைகளில் தனித்தனியே உருளுகின்றன. வண்டி வளையும்போது வெளிப்பக்கச் சக்கரம் மிகுதியாகவும் உட்பக்கச் சக்கரம் குறைவாகவும் உருளலாம், தடுப்பது எதுவுமில்லை. வண்டியை இழுப்பவை மாடுகள். மோட்டார் வண்டியிலோ சக்கரங்களே வண்டியை உந்தித் தள்ளவேண்டும். எஞ்சினின் சுழற்சி பின்னச்சின் வழியாக இரு சக்கரங்களையும் சென்றடைய வேண்டும். அப்படியாயின், இரண்டையும் ஒரே தண்டில் இறுக்கிவிட்டால் என்ன?

ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பாருங்கள். இரு சக்கரங்களுக்கும் இடையே 1.5 மீட்டர் தூரம் என்றும், சக்கரத்தின் விட்டம் 75 சென்டிமீட்டர் என்றும் கொள்வோம். வண்டி ஒரு முழு வட்டம் சுற்றி வருகிறது. வெளிச்சக்கரம் செல்லும் வட்டத்தின் ஆரம், உட்சக்கரத்தின் வட்ட ஆரத்தைவிட 1.5 மீட்டர் பெரிது. ஆகவே அது ஏறக்குறைய 9.4 மீட்டர் தூரம் மிகுதியாக ஓடவேண்டும். சக்கரத்தின் சுற்றளவோ ஏறக்குறைய 2.36 மீட்டர். ஆதலால் வெளிச்சக்கரம் நான்கு சுற்று மிகுதியாகச் சுழன்றாக வேண்டும். வட்டம் சிறிதாயினும் பெரிதாயினும் இந்த நான்கு சுற்றில் மாற்றமில்லை என்பது இக்கணக்கின் அழகு. இரு சக்கரங்களையும் ஒரே தண்டில் இறுக்கினால், இந்த நான்கு சுற்றையும் டயர்கள் தரையில் தேய்ந்தே சரிசெய்ய வேண்டியிருக்கும்.

இச்சிக்கலுக்கு விடையாக அமைந்ததே டிபரென்ஷியல் என்னும் பற்சக்கரத் தொகுதி. பாரிஸ் நகரத்துக் கடிகாரக் கலைஞர் ஒனெசிஃபோர் பெக்கூர் என்பார், 1820-களின் இறுதியில், நீராவி வண்டிக்கென இதற்குக் காப்புரிமை பெற்றார். இதன் அமைப்பு எளியது. எஞ்சினிலிருந்து வரும் தண்டின் முனையிலுள்ள பினியன் என்ற சிறு பற்சக்கரம், கிரவுன் வீல் என்ற பெரிய பற்சக்கரத்தைச் சுழற்றுகிறது. கிரவுன் வீலுடன் ஒரு கூடு இணைக்கப்பட்டுள்ளது. அக்கூட்டின் உள்ளே, குறுக்குக் கம்பி ஒன்றில் சிறு பற்சக்கரங்கள் கோக்கப்பட்டிருக்கின்றன. அவற்றின் இருபுறத்திலும் பக்கப் பற்சக்கரங்கள் இரண்டு உண்டு. இவற்றில் செருகிய அச்சுத் தண்டுகளே சக்கரங்களைச் சுழற்றுகின்றன. நேர்ச்சாலையில் யாவும் ஒன்றாகச் சுழலும். வளைவில், நடுவிலுள்ள சிறு பற்சக்கரங்கள் தம்மைத்தாமே சற்றுச் சுற்றிக்கொண்டு, ஒரு சக்கரத்திற்கு விரைவையும் மற்றதற்குத் தாமதத்தையும் அளிக்கின்றன.

இதை வகுப்பில் விளக்கும்போது, நான் நுகத்தடியைத் துணைக்கு அழைப்பது வழக்கம். நுகத்தடி நடுவில் மட்டும் பிணைக்கப்பட்டு, இருபுறமும் தடையின்றி அசையக்கூடியது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மாடு இழுக்காமல் பின்தங்கினால், நுகத்தடி அப்பக்கம் சாய்ந்துபோகும். மற்ற மாட்டின் பலமும் பயன்படாது. சோம்பல் மாடு எவ்வளவு இழுக்கிறதோ, அவ்வளவே நல்ல மாட்டாலும் இழுக்க இயலும். டிபரென்ஷியலும் அத்தகையதே. இரு சக்கரங்களுக்கும் அது முறுக்கு விசையைச் சமமாகவே பங்கிடும். சேற்றிலுள்ள சக்கரம் 20 கிலோ அளவே உந்தமுடியும் என்றால், 300 கிலோ உந்தவல்ல மறு சக்கரத்திற்கும் அதே 20 கிலோதான் கிடைக்கும். மொத்தம் 40. வண்டி மீள 150 தேவை என்றால், அது அங்கேயே நிற்க வேண்டியதுதான். வளைவில் நமக்கு உதவிய அதே குணம், சேற்றில் நம்மைக் கைவிடுகிறது.

இனி மாற்று. நுகத்தடியை அசையாமல் கட்டிவிடுவதுபோல, டிபரென்ஷியலையும் வேண்டும்போது பூட்டிவிடலாம். இதற்கான கருவியை லாக்கர் என்பர். காற்றழுத்தத்தால் இயங்கும் லாக்கரில், ஓட்டுநர் விசையை அழுத்தியதும், சிறு உந்துதண்டு ஒன்று வளையத்தைத் தள்ளிப் பக்கப் பற்சக்கரம் ஒன்றைக் கூட்டோடு பிணைக்கிறது. உடனே நடுப் பற்சக்கரங்கள் அசையமுடியாமல் நின்றுவிடும். இரு சக்கரங்களும் ஒன்றாகச் சுழலும். மேற்கூறிய கணக்கில் இப்போது 20-உம் 300-உம் சேர்ந்து 320 ஆகும். வண்டி எளிதில் மீளும். மின்சாரத்தால் பூட்டும் லாக்கரும், தாமாகவே பூட்டித் திறக்கும் லாக்கரும் உண்டு. லாக்கர் எந்த வகையாயினும், எஞ்சினின் சக்தியை அணுவளவும் கூட்டுவதில்லை. இருக்கும் சக்தியைப் பிடிப்புள்ள சக்கரத்திற்குச் செல்லவிடுகிறது, அவ்வளவே.

மூன்றாவது வினாவே முக்கியமானது. அமெரிக்காவின் காலிபோர்னியாவில், சியரா நெவாடா மலைத்தொடரில், ரூபிகான் என்ற பாறைத்தடம் உண்டு. ஜீப் வண்டிகளின் வலிமைக்கு உரைகல்லாகப் புகழ்பெற்றது அது. 1997 முதல் 2006 வரை வெளிவந்த ஜீப் ராங்ளர் வண்டிகளில் பலவற்றுக்கு டானா 35 என்ற பின்னச்சே பொருத்தப்பட்டது. வலிமை மிகுந்த டானா 44 சில வண்டிகளில் மட்டும் கிடைத்தது. 2003-ஆம் ஆண்டில் ரூபிகான் என்ற பெயரிலேயே ஒரு வகை வெளிவந்தபோது, அதன் முன்னும் பின்னும் டானா 44 அச்சுகளையும், இரண்டிலும் லாக்கர்களையும் சேர்த்தே அளித்தனர். இவ்விரண்டும் சேர்ந்து வந்ததற்குத் தக்க காரணம் உண்டு.

முதற்பல்லில் ஏறக்குறைய 4 மடங்கு, தாழ்நிலைப் பற்களில் 2.72 மடங்கு, பின்னச்சில் 3.73 மடங்கு என்று எஞ்சினின் முறுக்கு பெருகுமானால், உராய்வை ஒதுக்கிவிட்டுப் பார்க்க, பின்னச்சை 40 மடங்கு முறுக்கு வந்தடைகிறது. பூட்டாத அச்சில் ஒவ்வொரு தண்டும் இதில் பாதியையே தாங்கும். பூட்டிய நிலையில் ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கினால், முழுச்சுமையும் மற்றொரு தண்டின்மேல் விழுகிறது. பெரிய டயர்களை மாட்டினால் சுமை இன்னும் கூடும். டானா 35-இன் அச்சுத் தண்டு ஏறத்தாழ 1.18 அங்குல விட்டமும், டானா 44-இன் தண்டு 1.31 அங்குல விட்டமும் உடையவை. வேறுபாடு அற்பமாகத் தோன்றுகிறது அல்லவா? ஆனால் தண்டின் முறுக்கு வலிமை விட்டத்தின் கனத்தைப் பொறுத்தது. உலோகம் ஒன்றேயாயின், 11 விழுக்காடு தடிப்பு ஏறக்குறைய 37 விழுக்காடு வலிமையைத் தருகிறது. கணக்கு வகுப்பில் கற்ற முப்படி, மலைத்தடத்தில் இவ்வாறு உயிர்காக்கிறது.

உயிர்காக்கிறது என்பது மிகைச்சொல் அன்று. அந்த ராங்ளர் வண்டிகளின் டானா 35 அச்சில், அச்சுத் தண்டை உள்முனையிலுள்ள சிறு பிறைவடிவக் கொக்கியே பிடித்து நிறுத்துகிறது. தண்டு முறிந்தால், முறிந்த துண்டோடு சக்கரமும் வெளியே நழுவிவிடக்கூடும். டானா 44-இல் தண்டின் வெளிமுனையிலேயே தகடு ஒன்று திருகாணிகளால் இறுக்கப்பட்டிருப்பதால், உள்ளே தண்டு முறிந்தாலும் சக்கரம் தன் இடத்தில் நிற்கும்.

ஆகவே, பழைய அச்சில் லாக்கரை மட்டும் சேர்த்துவிட்டு மனநிறைவு அடைதல் தகாது. தடித்த தண்டுகளையும் உடன் பொருத்தலாம்; ஆயினும் கிரவுன் வீல் சிறியதாகவே இருக்கும். முழு அச்சையும் மாற்றுவது சிறந்த வழி. அப்போதும் சிலவற்றைக் கவனித்தாக வேண்டும். நான்கு சக்கரங்களாலும் ஓடும் வண்டியில், புதிய பின்னச்சின் பல் விகிதம் முன்னச்சின் விகிதத்தோடு ஒத்திருக்கவேண்டும். இல்லையேல் முன்னும் பின்னும் ஒன்றோடொன்று போராடும். எஞ்சின் தண்டின் நீளமும் கோணமும், பிரேக் குழாய்களும் பொருந்தவேண்டும். பினியனுக்கும் கிரவுன் வீலுக்கும் இடையே விடும் தளர்ச்சி, ஒரு மில்லிமீட்டரின் ஐந்தில் ஒரு பங்கு அளவைத் தாண்டலாகாது. பற்களில் வண்ணப்பசை தடவிச் சுழற்றி, அவை எங்கே படிகின்றன என்று பார்த்தே தேர்ந்த தொழிலாளர் இதைச் சரிசெய்வர்.

பயன்படுத்தும் முறையும் அறிவோடு கூடியதாக இருக்கவேண்டும். தடையை அடையுமுன், வண்டி நின்றிருக்கும்போதோ ஊர்ந்து செல்லும்போதோ பூட்டுவதே முறை. ஒரு சக்கரம் வெறிகொண்டு சுழலும்போது பூட்டினால், அந்த அதிர்ச்சியில் தண்டு முறியலாம். உலர்ந்த சாலையில் பூட்டியே ஓட்டினால் வண்டி வளைய மறுக்கும். பக்கச் சரிவில் இரு சக்கரங்களும் ஒருசேரப் பிடிப்பிழந்து, வண்டியின் பின்புறம் கீழ்நோக்கி நழுவவும் கூடும்.

இதைக் காண நீங்கள் காலிபோர்னியாவுக்குச் செல்லவேண்டியதில்லை. நம் வயல்களில் உழும் டிராக்டரின் ஓட்டுநர் இருக்கைக்கு அருகே கீழே பாருங்கள். டிபரென்ஷியலைப் பூட்டும் சிறு மிதி ஒன்று இருக்கும். ஒரு சக்கரம் சேற்றில் சுழலத் தொடங்கினால், ஓட்டுநர் வேகத்தைத் தணித்து அதை மிதிப்பார். வரப்பருகே திரும்புமுன் காலை எடுத்துவிடுவார். திரும்பும்போது அம்மிதியை மிதித்தபடியே இருந்தால் என்ன நேரும் என்று அவரைக் கேளுங்கள். அவர் கூறும் விடையை, நாம் போட்ட நான்கு சுற்றுக் கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.