காது மலைத் தாத்தா

நேயர்களே, கிறிஸ்துமஸ் தாத்தாவின் வீடு எங்கே? வட துருவத்தில் என்பார்கள் பலர். 1860-களில் தாமஸ் நாஸ்ட் என்ற அமெரிக்க ஓவியர் வரைந்த படங்களிலேயே அந்த முகவரி வந்துவிட்டது. ஆனால் வட துருவம் உறைந்த கடல். தாத்தாவின் கலைமான்கள் மேய அங்கே ஒரு பிடி பாசிகூடக் கிடையாது!

ஃபின்லாந்துக்காரர்கள் சொல்லும் இடம் வேறு: ரஷ்ய எல்லையை ஒட்டி, லாப்லாந்தில் உள்ள கோர்வாதுந்துரி. உயரம் 486 மீட்டர்; நம் ஊர்க் கணக்கில் குன்றுதான். 'கோர்வா' என்றால் காது. பார்வைக்கும் அது காது மடல் போலவே இருக்கும். அந்தக் காதை வைத்துத்தான் உலகக் குழந்தைகளின் ஆசைகளை எல்லாம் தாத்தா ஒட்டுக் கேட்கிறாராம்.

இது பாட்டி காலத்துக் கதை என்று நினைத்துவிடாதீர்கள். 1927-இல், 'மார்க்கஸ் மாமா' என்று பிள்ளைகள் அழைத்த மார்க்கஸ் ரவுத்தியோ, சிறுவர் நிகழ்ச்சியில் அறிவித்த சேதி. எதில் என்கிறீர்களா? நம்ம வானொலியில்தான்!

எல்லையோரக் காட்டுக்குள் போய்த் தாத்தாவைப் பார்ப்பது சுலபமா என்ன? அதனால் ரோவனியெமி நகருக்குப் பக்கத்தில், ஆர்க்டிக் வட்டக் கோட்டின் மேல், 1985-இல் அவருக்கு ஒரு கிராமம் அமைந்தது. அங்கே தனித் தபால் நிலையமும் உண்டு. கடிதம் எழுத நினைக்கும் குட்டி நேயர்கள், அப்பாவிடம் தபால்தலைக்குக் காசு கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.