கோயபல்ஸின் கல்லாப்பெட்டி

ஹிட்லர் ஆட்சியின் 12 ஆண்டுகளில், 1933 முதல் 1945 வரை, ஜெர்மனியில் வெளிவந்த கதைப் படங்கள் சுமார் 1,100. அவற்றில் வெளிப்படையான அரசியல் பிரசாரப் படங்கள் 150 அளவில், ஏழில் ஒன்றுதான். பாதிக்குச் சற்றுக் குறைவானவை நகைச்சுவைப் படங்கள். மீதி காதலும் குடும்பக் கதையும் சாகசமும். அப்படியானால் ஏழில் ஆறு பங்கு வெறும் பொழுதுபோக்கா? பிரசாரம் என்று தெரிந்துவிட்டால் அது பலிக்காது என்று 1937-லேயே பேசியவர் பிரசார அமைச்சர் கோயபல்ஸ். அந்த எண்ணத்தின் வரவு செலவைப் பார்ப்போம்.

டிக்கெட் கணக்கு

1933-ல் விற்ற டிக்கெட்டுகள் சுமார் 24 கோடி. 1939-ல் 62 கோடி. 1943-ல் 110 கோடி. ஆஸ்திரியா போன்ற பகுதிகளை இணைத்துக்கொண்டதும், போர்க்காலத்தில் கையில் காசு இருந்தும் கடையில் பொருள் இல்லாததும் இதற்குக் காரணங்கள். 1942 தொடக்கத்தில் படத் தயாரிப்பு முழுவதும் ஒரே அரசு நிறுவனத்தின் கீழ் வந்தது. மக்கள் தங்கள் காசைக் கொடுத்தே பிரசாரத்தைப் பார்த்தார்கள்.

வரிக் கணக்கு

படங்களுக்கு அரசு தரச்சான்று வழங்கியது. சான்று உயர உயரக் கேளிக்கை வரி குறைந்தது. மிக உயர்ந்த சான்றுக்கு வரியே இல்லை. அரசுக்குப் பிடித்த கதையை எடுப்பதே லாபம் என்பதைத் தயாரிப்பாளர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

காதல் கணக்கு

1942-ல் வந்த 'டி க்ரோஸே லீபே' படத்தின் செலவு சுமார் 30 லட்சம் மார்க், வசூல் 80 லட்சம். பார்த்தவர்கள் ஏறக்குறைய 2 கோடியே 70 லட்சம் பேர். பாடகி ஒருத்திக்கும் விமானப்படை வீரனுக்கும் காதல். குண்டுவீச்சு அபாயச் சங்கு ஒலிக்க, பதுங்கறையில் அக்கம்பக்கத்தாரோடு அவர்கள் நெருங்குகிறார்கள். போர்முனையிலிருந்து அழைப்பு வரும்போதெல்லாம் கல்யாணம் தள்ளிப்போகிறது. கடைசிக் காட்சியில் இருவரும் அண்ணாந்து, பறந்து செல்லும் போர் விமானங்களைப் பார்க்கிறார்கள். காத்திரு, பொறுத்துக்கொள் என்ற ஆணையை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. பாடகியாக நடித்த சாரா லேயாண்டரின் குரல் சொல்லிவிட்டது.

இதற்கு நேர்மாறு 'கோல்பெர்க்'. கடைசி ஆள் வரை போரிடு என்று முழங்கிய வண்ணப்படம். செலவு ஏறக்குறைய 80 லட்சம் மார்க். 1945 ஜனவரி 30 அன்று அது வெளியானபோது ஜெர்மனியின் தியேட்டர்கள் பலவும் இடிந்து கிடந்தன.

உயிர்க் கணக்கு

நான் மன்னிக்க முடியாத படம் 'இஷ் க்ளாகே ஆன்'. ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்டோர் பார்த்தார்கள். நரம்பு நோயில் முடங்கும் இளம் மனைவி, தன்னைச் சாகவிடும்படி மன்றாடுகிறாள். டாக்டரான கணவன் நஞ்சு கொடுக்கிறான். பிறகு நீதிமன்றத்தில் நிற்கிறான். பார்ப்பவரின் கண்ணீர் அவன் பக்கமே சாய்கிறது.

படம் வெளியான நாள் 1941 ஆகஸ்ட் 29. அதற்கு ஐந்து நாள் முன்புதான், பிஷப் காலன் போன்றோரின் கண்டனத்தையடுத்து, மனநோயாளிகளையும் ஊனமுற்றோரையும் விஷவாயுவால் கொல்வதை நிறுத்த ஹிட்லர் உத்தரவிட்டிருந்தார். அதற்குள் இறந்தவர்கள் 70,273 பேர். அதன் பிறகும் பட்டினியாலும் ஊசியாலும் கொலை தொடர்ந்தது. படத்தின் நாயகி சாவைக் கேட்டாள், இவர்கள் கேட்கவில்லை. அந்த ஒரு வித்தியாசத்தை மறைப்பதற்காகவே ஒரு காதல் கதை தேவைப்பட்டது.

கொலைகாரர்களும் கணக்கு எழுதியிருக்கிறார்கள். போர் முடிந்தபின், விஷவாயுக் கொலை நடந்த இடங்களில் ஒன்றான ஹார்ட்ஹைம் கோட்டையில் அது கிடைத்தது. 70,273 பேர் இல்லாததால் பத்தாண்டுகளில் மிச்சமாகும் தொகை 88 கோடியே 54 லட்சம் மார்க்காம். உருளைக்கிழங்கு, ரொட்டி, ஜாம் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பதிவு. தியேட்டரில் மக்களை அழவைத்த கருணையின் உண்மையான பக்கம் இதுதான்: மனிதரைக் கழித்துவிட்டு, அவர் தின்னாத ஜாமைக் கிலோவில் எழுதிய பக்கம்.