ஓர் உறைக்குள் இரண்டு மருந்துகள்

இருதயத்தில் ஒருமுறை அடைப்பு ஏற்பட்டு, ஸ்டென்ட் வைத்துக்கொண்டோ வைக்காமலோ வீடு திரும்பிய ஒருவருடைய மருந்துப் பெட்டியைத் திறந்து பார்த்தால், இராச் சாப்பாட்டுக்குப் பின் விழுங்கவேண்டிய கேப்ஸ்யூல் ஒன்று பெரும்பாலும் அதில் இருக்கும். அது என்ன மருந்து என்று கேட்டால் ‘இருதய மாத்திரை’ என்று பதில் வருமேயொழிய, அதற்குள் ஒன்றுக்கொன்று உறவில்லாத இரண்டு, சில சமயம் மூன்று ஔஷதங்கள் குடியிருக்கின்றன என்ற விவரம் வராது. ரோசுவாஸ்டாட்டின் அல்லது அடோர்வாஸ்டாட்டின் என்னும் கொழுப்பு மருந்து ஒரு பக்கம். ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் ஆகியவற்றில் ஒன்றோ இரண்டுமோ மற்றொரு பக்கம். இவற்றின் சுபாவமும் வேறு, வேலை செய்யும் விதமும் வேறு, இவற்றால் நேரக்கூடிய உபத்திரவமும் வேறு.

கொழுப்பு மருந்தின் பூர்வீகம் அரிசியில் பூத்த பூஞ்சணம் என்றால் பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். ஜப்பானில் சாங்க்யோ என்னும் மருந்துக் கம்பெனியில் பணியாற்றிய அகிரா எண்டோ, பூஞ்சணங்களில் சில தம் எதிரிக் கிருமிகளை ஒடுக்குவதற்காக, அக்கிருமிகள் உயிர்வாழத் தேவையான கொழுப்புப் பொருளைத் தயாரிக்கும் மார்க்கத்தையே அடைத்துவிடக்கூடும் என்று ஊகித்து, சுமார் 6,000 பூஞ்சணங்களைப் பொறுமையோடு பரிசோதித்து, 1973-ஆம் ஆண்டில், கியோட்டோ நகரத்துத் தானியக் கடை ஒன்றின் அரிசியில் கிடைத்த பெனிசிலியம் சிட்ரினம் என்ற பூஞ்சணத்திலிருந்து அத்தகைய ரசாயனத்தைப் பிரித்தெடுத்தார். ஸ்டாட்டின் குடும்பம் பிறந்தது அங்கேதான். கல்லீரல் தானே கொழுப்பைத் தயாரிக்கும் வேலையை இம்மருந்து மந்தப்படுத்துகிறது. தன் தேவைக்குப் போதாமற்போன கல்லீரல், ரத்தத்தில் மிதக்கும் கெட்ட கொழுப்பை இழுத்துக்கொள்கிறது. ஸ்காண்டிநேவிய தேசங்களில் 4,444 இருதய நோயாளிகளை ஐந்து வருஷங்களுக்குமேல் கவனித்து 1994-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், சிம்வாஸ்டாட்டின் சாப்பிட்டவர்களிடையே மரணம் ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்திருந்தது. கொழுப்பின் அளவு சில வாரங்களிலேயே இறங்கிவிட்டாலும், இருதயத்துக்குச் சேரும் நன்மை வருஷக்கணக்கில் சிறுகச் சிறுகக் கூடுவது.

உறைக்குள் இருக்கும் மற்றவரோ நாள்தோறும் காவல் நிற்பவர். ‘ரத்தத்தை இளக்கும் மருந்து’ என்று நாம் பேச்சுவழக்கில் சொல்வது பிசகு. இது ரத்தத்தில் நீர் சேர்ப்பதுமில்லை, அதன் கெட்டியைக் குறைப்பதுமில்லை. காயம்பட்ட இடத்தில் ஓடிவந்து ஒன்றோடொன்று ஒட்டி அணை கட்டும் தட்டணுக்கள், கொழுப்பு படிந்து வெடித்த இருதய நாளத்தின் உட்சுவரையும் காயம் என்றே கருதி அங்கும் அணை கட்டிவிடுகின்றன. அந்த அணையே மாரடைப்பு. ஆஸ்பிரின் தட்டணுவின் ஒட்டும் சக்தியைத் தூண்டும் நொதியை நிரந்தரமாக முடக்கிவிடுகிறது. உட்கரு இல்லாத தட்டணுவால் அந்த நொதியை மறுபடி உண்டாக்கிக்கொள்ள இயலாதாகையால், 75 மில்லிகிராம் என்னும் சொற்ப அளவே போதுமானதாகிறது. தட்டணு தன் ஆயுளான ஏழு முதல் பத்து நாள்வரை அப்படியே செயலற்றிருக்கிறது. குளோபிடோக்ரெல் இன்னொரு வாசலை அடைப்பது. ஆனால் கல்லீரல் அதைப் பக்குவம் செய்து கொடுத்தால்தான் அதற்கு வீரியம் வரும். நெஞ்செரிச்சலுக்கென்று நாமாகவே கடையில் வாங்கிச் சாப்பிடும் ஒமிப்ரசோல் அந்தப் பக்குவத்தைத் தடுத்துவிடும் என்பது அநேகருக்குத் தெரியாது. வயிற்றுக்கு மருந்து வேண்டுமானால் வைத்தியர் பெரும்பாலும் பான்டோபிரசோலைத் தேர்ந்துகொள்வது இக்காரணத்தால்தான்.

இவ்விருவரையும் ஓர் உறையில் அடைத்தது நல்ல யுக்தியே. மாத்திரைகளின் எண்ணிக்கை குறையக் குறைய மறதியும் குறைகிறது. ஆஸ்பிரின், அடோர்வாஸ்டாட்டின், ரத்த அழுத்தத்துக்கான ராமிப்ரில் ஆகிய மூன்றையும் சேர்த்த ஒரே மாத்திரையை, மாரடைப்பு வந்து ஆறு மாதத்துக்குட்பட்ட ஐரோப்பிய முதியவர்களுக்குக் கொடுத்து 2022-இல் வெளியிட்ட செக்யூர் என்னும் ஆராய்ச்சி, இருதய விபத்துகள் தனித்தனி மருந்து சாப்பிட்டவர்களிடையே 12.7 சதவீதம் என்றும், சேர்த்துச் சாப்பிட்டவர்களிடையே 9.5 சதவீதம் என்றும் காட்டியது.

ஆனால் இந்த வசதிக்குள்ளேயே ஓர் அபாயமும் ஒளிந்திருக்கிறது. என் கவலையெல்லாம் அதைப்பற்றித்தான். ஸ்டாட்டின் சிலருக்குத் தொடையிலும் தோளிலும் தசை வலியைக் கொடுக்கும். வலி பொறுக்காதவர், யாரோ சொன்னார்கள் என்று கேப்ஸ்யூலை நிறுத்திவிடுகிறார். அவர் நிறுத்த நினைத்தது கொழுப்பு மருந்தை. நின்றுபோனதோ அதோடு கூடவே ஸ்டென்ட்டைக் காத்துக்கொண்டிருந்த மருந்தும். ஸ்டென்ட் வைத்த முதல் சில மாதங்களில் இவ்விதம் நின்றுவிட்டால், அந்தக் கம்பிவலைக்குள்ளேயே ரத்தம் கட்டிக்கொண்டு திடீர் மாரடைப்பு வரக்கூடும். பல் பிடுங்கப்போகிறவர்கள் ரத்தம் நிற்காதே என்று அஞ்சித் தாமாகவே நிறுத்துவதும் இதே ஆபத்தைச் சேர்ந்தது. பெரும்பாலான பல் சிகிச்சைகளுக்கு நிறுத்தவேண்டிய அவசியமே இராது, பஞ்சு வைத்து அழுத்தினாலே ரத்தம் நின்றுவிடும். பெரிய ரண சிகிச்சையானால், எதை எத்தனை நாள் நிறுத்துவது, எதை நிறுத்தாமல் விடுவது என்பதை இருதய வைத்தியரும் அறுவை வைத்தியரும் கலந்து பேசித்தான் தீர்மானிக்கவேண்டும். தசை வலி வந்தாலும் அவ்வாறே: வைத்தியரிடம் சொன்னால் ஸ்டாட்டினின் அளவைக் குறைக்கவோ வேறு வகைக்கு மாற்றவோ வழியுண்டு, காவல் மருந்தைத் தனியே எழுதிக்கொடுத்துவிட்டு. வலியோடு சிறுநீரும் காப்பி நிறத்தில் இறங்கினால் மாத்திரம் ஒரு நாளும் தாமதிக்கலாகாது.

இதற்கு நேர்மாறான பிழையும் உண்டு. முன்பு தனி ஆஸ்பிரின் சாப்பிட்டவருக்கு இப்போது சேர்ப்பு மருந்து எழுதப்படுகிறது. பழைய அட்டையில் மிச்சமிருப்பதை வீணாக்குவானேன் என்று அதையும் தொடர்கிறார். இரண்டு கம்பெனிகளின் இரண்டு பெயர்களை இரண்டு மருந்துகள் என்று நம்புகிறவர்களும் இருக்கிறார்கள். அதன்மேல் முழங்கால் வலிக்கென்று டைக்ளோஃபினாக் சேர்ந்தால், வயிற்றில் புண்ணாகி ரத்தம் கசிய வேறு காரணம் வேண்டியதில்லை. இப்யூபுரூஃபனோ, ஆஸ்பிரினுக்கு முந்திக்கொண்டு தட்டணுவில் அமர்ந்து, ஆஸ்பிரினின் வேலையையே கெடுத்துவிடும். தாரைப்போல் கறுத்து ஒட்டும் மலம், காரணமின்றித் தோலில் தோன்றும் நீலத் தடம், இவை வந்தால் அன்றே காட்டவேண்டும். ஒருவேளை மருந்து தவறிப்போனால் மறுநாள் இரண்டாக விழுங்குவது கூடவே கூடாது.

இருதய நோயே இல்லாதவர், வீட்டுப் பெரியவருக்கு நல்லது செய்த மாத்திரை நமக்கும் நல்லது செய்யாதா என்று எடுத்துக்கொள்வதைப்பற்றியும் ஒரு வார்த்தை: நோயற்ற முதியவர்கள் 19,000 பேருக்குமேல் பங்குகொண்டு 2018-இல் முடிவு வெளியான ஆஸ்திரேலிய, அமெரிக்க ஆராய்ச்சியில், தினசரி ஆஸ்பிரினால் ரத்தக்கசிவு மிகுந்ததேயன்றி ஆயுள் கூடவில்லை.

ஐப்பசி கார்த்திகை மழையில் நம் ஊர்களில் டெங்கு பரவும்போது இம்மருந்து சாப்பிடுகிறவர்களுக்குத் தனி ஜாக்கிரதை தேவை. ஏனெனில் அந்தக் காய்ச்சல் தட்டணுக்களின் எண்ணிக்கையைக் குறைக்கிறது, இவருடைய கேப்ஸ்யூலோ மிஞ்சியிருப்பவற்றின் ஒட்டும் சக்தியையும் கட்டிவைத்திருக்கிறது. காய்ச்சல் கண்டவுடன் பாராசிட்டமாலுக்குமேல் வேறெந்த வலி மருந்தையும் நாடாமல், கேப்ஸ்யூலை நிறுத்துவதா தொடர்வதா என்று தாமாக முடிவு செய்யாமல், வைத்தியரிடம் போகும்போது அந்த அட்டையையும் கையில் எடுத்துச்செல்லவேண்டும்; முன்புறத்தில் பெரிதாக அச்சிட்ட பெயரைவிட, பின்புறத்தில் பொடி எழுத்தில் இருக்கும் இரண்டு மூன்று பெயர்களைத்தான் அவர் முதலில் படிக்கப்போகிறார்.