கசியும் காற்று

பொதிகை மலையில் தோன்றும் தாமிரபரணி, பாபநாசத்தில் சமவெளியை அடைந்து, நெல்லைச் சீமையை வளப்படுத்திக் கடலிற் கலக்கின்றது. அவ்வாற்று அணைக்கட்டுகளிலிருந்து பிரியும் கால்வாய்கள் வயல்களுக்கு நீர் கொணர்கின்றன. அவற்றுள் ஒன்று கன்னடியன் கால்வாய். மடையில் நீர் நிறையப் பாய்ந்தும் கடைசி வயலுக்கு அது எட்டவில்லையெனில், அங்குள்ள உழவர் ஆற்றைக் குறை கூறார். மண்வெட்டியுடன் வரப்பின் வழியே நடந்து பார்ப்பார். எங்கேனும் ஒரு நண்டுவளை இருக்கும். அதை அடைத்தவுடன் கடைசி வயலும் நனையும். வாய்க்காலில் நீருக்கு நேரும் இந்நிலை, மோட்டார் வண்டியில் காற்றுக்கும் நேர்வதுண்டு. அதைக் கண்டறிந்து திருத்தும் முறையை இங்கே காண்போம்.

பாபநாசத்திலிருந்து காரையாற்றுக்குச் செல்லும் மலைப்பாதையில் ஒரு டீசல் கார் ஏறுகிறது என்று கொள்வோம். சமவெளியில் நன்றாக ஓடிவந்த வண்டி, ஏற்றத்தில் தளர்கிறது. ஓட்டுநர் மிதியை அழுத்த அழுத்தப் பின்புறம் கரும்புகை எழுகிறதேயன்றி வேகம் கூடவில்லை. முன்புறம் ‘உஸ்’ என்று ஓர் ஓசை கேட்கிறது. எச்சரிக்கை விளக்கும் எரிகிறது. ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் பள்ளம், பின்னே பேருந்து. வளைவில் வண்டி நின்றுவிட்டால் உள்ளிருப்போர்க்கும் பின்வருவோர்க்கும் இடர்தான். இதற்குக் காரணம் யாது?

எந்திரம் எண்ணெயை மட்டும் உண்டு உழைப்பதன்று, காற்றையும் உட்கொள்கின்றது. ஒரு கிலோகிராம் டீசல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.5 கிலோகிராம் காற்று வேண்டும். அது நாம் வாழும் வெளியில் ஏறக்குறைய 12,000 லிட்டர் இடத்தை நிரப்பும் காற்றாகும். ஆகவே, மிகுந்த எண்ணெயை எரித்து மிகுந்த ஆற்றல் பெற விரும்பினால், மிகுந்த காற்றை உருளைகளுக்குள் செலுத்தியாக வேண்டும்.

அப்பணியைச் செய்யும் கருவியே டர்போசார்ஜர். சுவிட்சர்லாந்து நாட்டுப் பொறியாளர் ஆல்பிரட் பூச்சி என்பார் 1905-ஆம் ஆண்டில் இதற்குக் காப்புரிமை பெற்றார். எந்திரத்திலிருந்து வீணே வெளியேறும் சூடான புகை ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றுகின்றது. அதே அச்சின் மறுமுனையிலுள்ள மற்றொரு சக்கரம் வெளிக்காற்றை இழுத்து அழுத்தி உள்ளே அனுப்புகின்றது. அச்சு நிமிடத்திற்கு ஒரு லட்சம் தடவைக்கு மேலும் சுழலக்கூடும். அழுத்தப்பட்ட காற்று சூடேறி விரியுமாதலால், இன்டர்கூலர் என்னும் குளிர்விப்பானுள் அதைச் செலுத்திக் குளிரச் செய்வர். முதலில் கப்பல்களிலும், பின்னர்ச் சரக்கு வண்டிகளிலும் பயன்பட்ட இக்கருவி, 1962-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த கார்களிலும் இடம்பெற்றது.

நெல்லை மாவட்டத்துத் திருக்குறுங்குடியில் 1877-ஆம் ஆண்டில் பிறந்த டி. வி. சுந்தரம் ஐயங்கார், மதுரையில் பேருந்துத் தொழிலைத் தொடங்கித் தமிழகத்து மோட்டார்த் தொழிலுக்கு வழிகாட்டினார். அவர் தொழில் தொடங்கிய காலத்தில் இங்கு ஓடியவை வெளிநாட்டிலிருந்து வந்த வண்டிகளே. இன்றோ சென்னையை அடுத்த பையனூரில் டர்போசார்ஜர்களே செய்யப்படுகின்றன.

டர்போசார்ஜரிலிருந்து இன்டர்கூலருக்கும், அங்கிருந்து எந்திரத்திற்கும் காற்றைக் கொண்டு செல்பவை உலோகக் குழாய்களும் ரப்பர் ஹோஸ்களும் ஆகும். அவற்றை இணைப்பவை கிளிப்புகள். வெப்பத்தாலும், எண்ணெய்ப் பசையாலும், ஓயாத அதிர்வாலும் ரப்பர் வெடிக்கலாம், கிளிப்பு தளரலாம். அவ்வழியே அழுத்தக்காற்று வெளியேறும். காற்றுக் குறைவதால் எண்ணெய் முற்றும் எரியாது கரும்புகையாகிறது. இழந்த அழுத்தத்தை ஈடுசெய்ய டர்போசார்ஜர் மேலும் விரைந்து சுழன்று தேய்கிறது. மெதுவாகச் செல்லும்போது குழாயில் அழுத்தம் மிகுதியாக இராது. ஆதலால் சமவெளியில் மறைந்திருந்த குறை, ஏற்றத்தில் வெளிப்படுகிறது.

இக்குறையைக் கண்ட சிலர், டர்போசார்ஜரே கெட்டுவிட்டது என்று எண்ணிப் பெரும்பொருள் செலவிட்டுப் புதியதை வாங்கிப் பொருத்துவர். கசிவு இருந்த இடத்திலேயே இருக்கும்; வண்டியும் முன்போலவே தளரும். ஆராயாமல் மாற்றுவது பழுது பார்ப்பதாகாது.

ஆராயும் முறை எளிது. முதலில் எந்திரத்தை நிறுத்தி நன்கு ஆறவிட வேண்டும். பின்னர் ஒவ்வொரு ஹோஸையும் கையால் வளைத்துப் பார்க்க வேண்டும். வெடிப்பு பெரும்பாலும் அடிப்புறத்திலும் மடிப்பிலும் ஒளிந்திருக்கும். புதிதாக எண்ணெய் தெறித்த கறை தென்படும் இடத்தில் ஐயம் கொள்ளலாம்.

கண்ணுக்குப் புலப்படாவிடில், அழுத்தச் சோதனை செய்ய வேண்டும். காற்று வடிகட்டியை இணைக்கும் குழாயைக் கழற்றி, டர்போசார்ஜரின் வாயை இறுக்கமான மூடியால் அடைப்பர். அம்மூடியில் டயருக்குக் காற்றடைக்கும் வால்வு ஒன்று இருக்கும். எந்திரத்தின் அடிப்பகுதியிலிருந்து இவ்வழியில் வந்து சேரும் மூச்சுக்குழாயையும் தனியே அடைத்துவிட வேண்டும். இன்றேல் காற்று அதன் வழியே புகுந்து எண்ணெய்த் தடுப்புகளைக் கெடுக்கும். பின்னர், அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் கருவியின் வழியாகச் சிறிது சிறிதாகக் காற்றைச் செலுத்துவர். சதுர அங்குலத்திற்கு 5 பவுண்டில் தொடங்கி 15 பவுண்டு அளவில் நிறுத்துவது போதும். மூடி தெறிக்கக்கூடுமாதலால் அதன் நேரே யாரும் நிற்கலாகாது.

இப்போது சோப்பு நீரை இணைப்புகளின்மேல் தடவினால், கசியும் இடத்தில் குமிழிகள் கொப்பளிக்கும். எந்திரத்தின் வால்வுகள் சில திறந்திருத்தல் இயல்பு; எனவே உட்புறத்திலிருந்து மெல்லிய ஓசை கேட்பதைக் கொண்டு கலங்க வேண்டுவதில்லை. குமிழியே சான்று.

திருத்தும் முறையும் கவனத்திற்குரியது. வெடித்த ஹோஸின்மேல் நாடாவைச் சுற்றுவது நெடுநாள் நிலைக்காது. வெப்பத்தில் இளகி அது பிரிந்துவிடும். புதிய ஹோஸையே பொருத்த வேண்டும். பொருத்துமுன் குழாயின் முனையிலுள்ள எண்ணெயைத் துடைத்துவிடுதல் இன்றியமையாதது. எண்ணெய்ப் பசை இருந்தால் அழுத்தத்தில் ஹோஸ் வழுக்கிக் கழன்றுவிடும். குழாய் முனையில் புடைத்திருக்கும் விளிம்புக்கு உட்புறமாகக் கிளிப்பு அமைய வேண்டும். ரப்பரை அறுக்குமளவு அதை முறுக்கலாகாது. கல் தெறித்து இன்டர்கூலரே துளைபட்டிருந்தால், அதை மாற்றவோ பற்றவைக்கவோ வேண்டும். இறுதியாக, மீண்டும் ஒருமுறை சோதிக்க வேண்டும். ஒரு கசிவை அடைத்தபின் அழுத்தம் கூடுமாதலால், மறைந்திருந்த மற்றொன்று தெரியவரலாம்.

வேலை முடிந்து, மூடியையும் அடைப்பையும் நீக்கிக் குழாய்களை உரிய இடத்தில் பூட்டியபின், அதே கார் அதே மலைப்பாதையில் ஏறுகிறது. ‘உஸ்’ என்னும் ஓசை இல்லை, கரும்புகை இல்லை. வளைவுகளைக் கடந்து காரையாற்றை அடைகிறது. மாற்றப்பட்டது ஒரு முழ நீளமும் இல்லாத ரப்பர்த் துண்டு. வரப்பில் நடந்து நண்டுவளையைக் கண்ட உழவரும், சோப்பு நீர்க் கிண்ணத்துடன் குனிந்து குமிழியைக் கண்ட தொழிலாளியும் செய்தது ஒன்றே. இருவரும் காரணத்தைத் தேடிக் கண்டபின்னரே கைவைத்தனர். எத்தொழிலைக் கற்பார்க்கும் இதுவே முதற்பாடம் ஆகும்.