மைசூரின் இரும்பு வாணம்

திருவிழா இரவிலே விண்ணில் எழுந்து மறையும் வாணம் ஒரு காலத்திற் படைகளைக் கலக்கிய போர்க்கருவியாயிருந்தது என்பதை நம் மாணவருட் பலர் அறியார். காகிதக் கூட்டினுள் மருந்தை இறுகச் செறித்தாற் கூடு வெடித்துச் சிதறும். ஆதலின் அவ்வாணம் நெடுந்தூரம் செல்லாது. மைசூரை ஆண்ட ஐதர் அலியும் அவர் மைந்தர் திப்பு சுல்தானும் இக்குறையை இரும்புக் குழாயால் நீக்கினர். குழாய் அழுத்தத்தைத் தாங்கவே, எரிந்தெழும் வாயு பின்வாய் வழியே விசையுடன் வெளிப்பட்டு வாணத்தை முன்னே உந்திற்று. உடன் பிணித்த நீண்ட மூங்கிற்கழி அதன் போக்கைச் சீர்செய்தது. ஆயிரம் யாருக்கு அப்பாலும் அது பாய்ந்தது. 1780இல் காஞ்சிபுரத்தை அடுத்த பொள்ளிலூரில் ஆங்கிலக் கும்பனிப் படை தோற்ற போரிலும் இவ்வாணங்கள் ஏவப்பட்டன.

1799இல் சீரங்கபட்டணம் வீழ்ந்தது; திப்புவும் மாண்டார். அங்குக் கைப்பற்றிய வாணங்களுட் சில இங்கிலாந்து சென்றன. வில்லியம் கொங்கிறீவ் என்பார் மருந்தையும் குழாயையும் பலவாறு மாற்றிச் சோதித்து, கண்டவற்றை நூலாகவும் எழுதினார். 1807இல் அவர் செய்த வாணங்கள் கோப்பன்கேகன் நகர்மீது பாய்ந்தன. அம்முற்றுகையிற் குடிமக்கள் பலர் மடிந்தனர்.

இரும்புக் குழாயை முதலிற் கையாண்டது மைசூர். ஆயினும் அளந்து, எழுதி, வளர்த்தவர் பெயராலேயே உலகம் அதனைக் கொங்கிறீவ் வாணம் என்றது. மாணவர்காள்! கைவன்மை மட்டும் போதாது. கண்டதை எழுதி வையுங்கள். எழுதிய அறிவு எவர்மீது பாயும் என்பதையும் எண்ணிப் பாருங்கள்.