தண்ணீர் ஏறும் நேரம்: கிள்ளையில் ஒரு வாரம்

நான் தருமபுரி மாவட்டத்தில் அறிவியல் ஆசிரியை. எங்கள் பகுதிக் குழந்தைகளுக்குக் கடல் என்பது பாடநூலில் வரும் ஒரு படம். கோடை விடுமுறையில் உறவினர் வீட்டில் தங்குவதற்காகச் சிதம்பரத்தை அடுத்த கிள்ளைக்குப் போயிருந்தேன். சிறிய ரயில் நிலையம், மீன் வாசம் வீசும் தெருக்கள், ஊரைத் தாண்டினால் பிச்சாவரம் அலையாத்திக் காடு. ஒரே மாநிலம், ஒரே மொழிதான். ஆனாலும் அன்றாட வாழ்க்கை எனக்கு வெளிநாடு போலவே இருந்தது.

முதலில் புரியாமல் போனது நேரம். "நாளைக்கு எத்தனை மணிக்கு வருவீங்க?" என்று இறால் விற்கும் அம்மாவிடம் கேட்டேன். "தண்ணி வத்தின பிறகு வருவேன் டீச்சர்" என்றார். மறுநாள் அவர் வந்தபோது முந்தைய நாளைவிட முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. அதற்கடுத்த நாள் இன்னும் தாமதம். நான்கு நாள் நேரத்தைக் குறித்து வைத்தேன்.

காரணம் நம் வகுப்பறையில் இருப்பதுதான். பூமி தன்னைத்தானே சுற்றிவர ஒரு நாள் ஆகிறது. அதற்குள் நிலவும் தன் பாதையில் கொஞ்சம் நகர்ந்துவிடுகிறது. அதே இடம் மீண்டும் நிலவுக்கு நேராக வருவதற்குக் கூடுதலாகச் சுமார் 50 நிமிடம் தேவை. ஆகவே இரண்டு ஏற்றமும் இரண்டு வற்றமும் முடிய 24 மணி 50 நிமிடம் ஆகிறது. பாடநூலில் ஓதம் பற்றி ஒரு பத்தி இருக்கிறது. அந்த 50 நிமிடம் ஒருவரின் வியாபார நேரத்தையே தினமும் தள்ளிவைக்கிறது என்பதை அங்கே போய்த்தான் பார்த்தேன்.

பக்கத்து வீட்டுக்கு வந்துபோகும் இருளர் சிறுவன் ஒருவன், ஏழாம் வகுப்பு முடித்தவன், இந்தக் கணக்கை எழுதாமலே வைத்திருந்தான். அமாவாசை கழிந்து எத்தனை நாள் என்று விரல்விட்டு எண்ணி, நாளை எப்போது தண்ணீர் வற்றும் என்று சொல்வான். அவன் சொன்னபடியே நடந்தது. வாய்க்கால்களில் இருளர் மக்கள் வலை இல்லாமல், நீருக்குள் முழங்காலிட்டு நகர்ந்து, சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிக்கிறார்கள். பிடித்ததைப் போடும் ஓலைப் பறியைப் பல்லில் கவ்விக்கொள்கிறார்கள். இரண்டு கையும் வேலைக்கு வேண்டுமே! தண்ணீரின் நேரம் தெரியாவிட்டால் அன்றைக்கு வருமானம் இல்லை.

"இதையெல்லாம் வகுப்பில் சொல்லியிருக்கியா தம்பி?" என்றேன். "இது பரீட்சையில வராதே டீச்சர்" என்றான். சாதாரணமாகத்தான் சொன்னான். எனக்கு அன்று முழுக்க அந்த வார்த்தை போகவில்லை.

படகில் போனபோது வேர்களைக் காட்டியதும் அவன்தான். ஒரு மரம் தண்டிலிருந்து வளைந்து இறங்கும் வேர்களை ஊன்றி நிற்கிறது. இன்னொன்றின் வேர்கள் சேற்றிலிருந்து பென்சில்கள் போல மேலே நீட்டிக்கொண்டிருக்கின்றன. நீர் தோய்ந்த சேற்றில் ஆக்சிஜன் மிகக் குறைவு. அதனால் இந்தச் சுவாச வேர்கள் வெளியே வந்து காற்றை வாங்குகின்றன. தில்லை மரத்தின் பக்கம் போனதும் "பாலு கண்ணுல பட்டுடும், தொடாதீங்க" என்றான். சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் தந்த அதே மரம். நகருக்குள் இன்று அந்தக் காடு இல்லை, இங்கே இருக்கிறது.

காட்டின் சில பகுதிகள் ஒருகாலத்தில் மொட்டையாகிக் கிடந்தன. ஆங்கிலேயர் காலத்தில் மரங்களைப் பகுதி பகுதியாக மொத்தமாக வெட்டினார்கள். வெயில் பட்ட நிலம் வறண்டு பள்ளமானது. அதில் தேங்கிய கடல்நீர் ஆவியாக ஆவியாக, உப்பு மட்டும் ஏறிக்கொண்டே போனது, கன்று முளைக்கவில்லை. பின்னாளில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர் மக்களோடு சேர்ந்து மீன் முள் வடிவில் வாய்க்கால் வெட்டின. நடுவில் பெரியது, இருபக்கமும் சாய்வாகச் சிறியவை. ஓதநீர் உள்ளே வந்து வெளியே போகத் தொடங்கியதும் உப்பு குறைந்தது, காடு திரும்பியது. எப்போது எதுவரை தண்ணீர் ஏறும் என்று அறிந்தவர்கள் துணையில்லாமல் இந்த வேலை நடக்குமா? 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை வந்தபோது காட்டுக்குப் பின்னால் இருந்த குடியிருப்புகளில் சேதம் குறைவாக இருந்ததும் நினைவுகூரத்தக்கது.

ஜூன் மாதம் எட்டாம் வகுப்பில் ஒரு சிறு வேலை கொடுத்தேன். வீட்டில் கடிகாரம் பார்க்காமல் நேரம் சொல்லும் பெரியவர் யாராவது இருந்தால், எதைப் பார்த்துச் சொல்கிறார் என்று கேட்டு எழுதி வரவேண்டும். ஆட்டு மந்தை, புளியமரத்தின் இலை மூடுவது, நிழல், சேவல் என்று பதினாறு பதில்கள் வந்தன. வகுப்பில் அதிகம் பேசாத ஒரு மாணவிதான் புளிய இலையை எழுதி வந்தவள். இலை எதனால் மூடுகிறது என்று மற்றவர்கள் அவளைக் கேட்டார்கள். அந்தப் பாடவேளை முழுவதும் கரும்பலகை அவளிடமே இருந்தது.