துடிக்கும் விண்மீன்களும் தீராத வழக்கும்

விண்மீன்கள் கண் சிமிட்டுகின்றன என்று குழந்தைகளுக்குச் சொல்கிறோம். அந்தச் சிமிட்டல் விண்மீனுடையது அன்று. நம் தலைக்கு மேலுள்ள காற்றின் சலனம். ஆனால், உண்மையிலேயே ஒளி கூடிக் குறையும் விண்மீன்களும் உண்டு. அவற்றைப் பற்றிப் படிக்கத் தொடங்கியபோது என்னை வியக்கவைத்தது அவற்றின் ஒழுங்கு. 1784-இல் ஜான் குட்ரிக் கவனித்த டெல்டா செஃபி, ஏறத்தாழ 5.4 நாள்களுக்கு ஒருமுறை ஒளிர்ந்து மங்குகிறது. அதன் பெயரால் அவ்வகை விண்மீன்கள் ‘செஃபீட்’ எனப்படுகின்றன.

செஃபீட் சுருங்கும்போது அதன் வெளி அடுக்கிலுள்ள ஹீலியம் எலெக்ட்ரான்களை இழந்து வெப்பத்தைத் தடுக்கிறது. தேங்கிய வெப்பம் அடுக்கை வெளியே தள்ளுகிறது. விரிந்து குளிர்ந்ததும் வெப்பம் வெளியேற, விண்மீன் மீண்டும் சுருங்குகிறது.

இந்தத் துடிப்பின் பயனை 1912-இல் வெளிப்படுத்தியவர் ஹார்வர்டு வானாய்வகத்தின் ஹென்ரியட்டா லெவிட். சிறிய மெகல்லன் மேகத்தின் 25 விண்மீன்களை ஆராய்ந்த அவர், துடிப்புக் காலம் நீள நீள உண்மையான ஒளியும் மிகுவதைக் கண்டார். ஒரு விளக்கின் உண்மையான ஒளித்திறன் தெரிந்தால், அது எவ்வளவு மங்கலாகத் தெரிகிறது என்பதைக்கொண்டு தொலைவைக் கணித்துவிடலாம் அல்லவா? ஆண்ட்ரோமீடா தனியொரு விண்மீன் திரள் என்பதை எட்வின் ஹப்பிள் நிறுவியது இப்படித்தான்.

1990-இல் ஏவப்பட்ட ஹப்பிள் தொலைநோக்கி, காற்றின் இடையூறின்றித் தொலைதூரத் திரள்களின் செஃபீடுகளையும் அளந்தது. அவ்வழியே கணித்தால், ஒவ்வொரு 32.6 லட்சம் ஒளியாண்டுத் தொலைவுக்கும் திரள்கள் விலகும் வேகம் நொடிக்குச் சுமார் 73 கி.மீ. கூடுகிறது. பேரண்டத்தின் தொடக்ககால ஒளியை அளந்த பிளாங்க் விண்கலத்தின் தரவுகளோ 67 என்கின்றன. இரண்டும் சரியென்றால், பேரண்டம் குறித்த நம் கோட்பாட்டில் ஏதோ விடுபட்டிருக்கிறது.

அருகிலுள்ள விண்மீன்களின் ஒளி கலந்து ஹப்பிளின் அளவீடு பிழைத்ததோ என்ற ஐயம் எழுந்தது. அகச்சிவப்பில் கூர்மையாகப் பார்க்கும் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி ஆயிரத்துக்கும் மேற்பட்ட செஃபீடுகளை அளந்தது. 2024-இல் வெளியான அதன் முடிவு ஹப்பிளின் அளவீட்டோடு ஒத்துப்போனது. ஆனால், வேறு வகை விண்மீன்களையும் சேர்த்து அளந்த வெண்டி ஃப்ரீட்மன் குழுவினருக்கு ஏறத்தாழ 70 என்ற மதிப்பே கிடைத்தது. வழக்கு முடியவில்லை.

‘இயற்பியல் தகர்ந்தது’ என்று முழங்குவதும், ‘எல்லாம் அளவீட்டுப் பிழை’ என்று ஒதுக்குவதும் அவசரமே என்பது என் கருத்து. ஓர் ஐயத்தைத் தீர்க்க ஆயிரம் விண்மீன்களை மறுபடியும் அளந்தார்களே, அந்தப் பொறுமைதான் இவ்வழக்கில் நாம் நம்பத்தக்க சாட்சி.